இடதுபக்கத்துக் கோள்சொல்லிகள்

உங்கள் மின்விசிறியின் பேரிங் தேய்ந்துபோயிருக்கிறது. உள்ளே வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் லேசாகத் தயங்குகிறது, பிறகு ஒரு 'டக்'. இங்கே வேலை செய்பவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்குப் பழகாது. இயந்திரம் எதையாவது சொன்னால் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி இந்த விசாரணை அலுவலகத்துக்கு நானாக வந்தேன். வருத்தம் தெரிவிக்கவும் வரவில்லை. எஞ்சின் வெடித்ததைப் பற்றி உங்கள் நிபுணர் எழுதிய அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அவர் நன்றாகப் படித்தவர், நாணயமானவர், ஆனால் தவறான முடிவுக்கு வந்துவிட்டார். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். போக விடுவீர்களா என்பது உங்கள் விருப்பம்.

நான் ரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி வீட்டு மாடியில் ஓர் அறை, சாப்பாடு கீழே. பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவேன். தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் 'குக்கூ'. எதிரில் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

ஏரியைச் சுற்றிக் கிடந்த பழைய சரக்குப் பாதையைச் சுற்றுலா ரயிலாக்க ஒரு கம்பெனி வந்தபோது, எஞ்சின் தேடித் தரும் ஆலோசகராக என்னை அழைத்தார்கள். அழைத்தவர் கம்பெனியின் மேலாளர் அம்மாள். சுறுசுறுப்பானவர், நேரத்தை வீணாக்காதவர். முதல் சந்திப்பிலேயே ஒரு வண்ணப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். உள்ளே சாதாரண டீசல் எஞ்சின், மேலே ஃபைபரில் செய்த பாய்லரும் புகைக்கூண்டும். கூண்டிலிருந்து மல்லிகை வாசனையோடு புகை வருமாம். 'குச்சு குச்சு' சத்தத்துக்கு ஒலிபெருக்கி.

"சீசன் தொடங்கறதுக்குள்ள நீங்க நிஜத்தைக் கொண்டு வந்தா நிஜம் ஓடட்டும் சார். இல்லன்னா இதுக்கு ஆர்டர் போட்டுடுவேன். வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு டீசலுக்கு வேஷம் கட்டி, மல்லிகைப் புகை விட்டு, குழந்தைகளைக் கூட்டிவந்து இதுதான் நீராவி எஞ்சின் என்று காட்டுவதை நான் சும்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பொய். பொய்யை எனக்குப் பிடிக்காது.

தேடினேன். பூங்காக்களில் நிறுத்திவைத்திருந்தவற்றின் உட்குழாய்களைக் கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள். அருங்காட்சியகங்களில் கையால் தொடக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு நாள் பஸ் ஜன்னலிலிருந்து, மூடிக் கிடந்த ஒரு காகித ஆலையின் தகரக் கூரையைப் பார்த்தேன். கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு குட்டையான புகைக்கூண்டு நின்றது. ஆலைப் புகைக்கூண்டு நெட்டையாக, வாய் நேராக இருக்கும். இதன் வாய் வெளிப்பக்கம் மடிந்திருந்தது, தாம்பாளத்தின் விளிம்பைப் போல. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன்.

காவலாளி, "அது பாய்லருங்க. ஆலைக்கு ஆவி குடுத்துட்டிருந்தது" என்றார். முன்பக்கம் அவர் மனைவி துணி காயப்போட்டிருந்தார். மேலே கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தளத்திலிருந்து ஒரு சக்கரத்தின் மேல்வளைவு, பாதி நிலா மாதிரி வெளியே தெரிந்தது. யாரோ எந்தக் காலத்திலோ ஓர் எஞ்சினை உள்ளே ஓட்டிவந்து, சக்கரங்களைச் சிமெண்டில் புதைத்து, இடதுபக்கத்தை ஒட்டிச் சுவரும் எழுப்பிவிட்டார்கள்.

"இது நடக்கும்" என்றேன்.

"நடக்குமா? எங்க போகும்?" என்று காவலாளியின் மனைவி துணிகளை அவசரமாக எடுத்தார்.

அந்த நாளைப் போல ஒரு நாள் என் வாழ்க்கையில் வேறில்லை. வெளியே எடுக்க வாரக்கணக்கானது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது பாய்லர்.

பாய்லரைச் சீர்செய்ய என் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை என்றால் தங்கச்சி வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலும் பல ஆலைகளிலும் பாய்லர் பார்த்தவர். பேச்சு அதிகம். 'உங்க அண்ணன் இத்தனை வருஷம் பொண்ணு பார்த்துட்டே இருந்தார், இப்பதான் பிடிச்ச மாதிரி கெடைச்சிருக்கு. கொஞ்சம் கனமான பொண்ணு' என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பாய்லருக்குப் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தார். தட்டுவார், காது கொடுப்பார், அடுத்த இடத்துக்கு நகர்வார். சத்தம் மந்தமாக வந்தால் அந்த ஸ்டேயில் சந்தேகம் என்று சாக்பீஸால் வட்டம் போடுவார்.

இந்த இடத்தில் உங்கள் தட்டச்சர் கையை உயர்த்துகிறார். 'ஸ்டே' என்றால் என்ன என்கிறார். நல்ல கேள்வி.

எஞ்சினில் நெருப்பு எரியும் அறை ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கொதிக்கும். ஆவியின் அழுத்தத்தில் இரண்டு தகடுகளும் விலகிப் போகாமல் இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புக் கம்பிகள்தாம் ஸ்டே. நூற்றுக்கணக்கில் இருக்கும். உள்ளே ஒரு கம்பி முறிந்தால் வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒவ்வொரு கம்பியின் வெளிமுனையிலும் நடுவாக ஒரு சிறு துளை போட்டிருப்பார்கள். கம்பி முறிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். இன்ன இடத்தில் முறிவு என்று எஞ்சினே சொல்லிவிடும். மாப்பிள்ளை அந்தத் துளைகளுக்கு வைத்த பேர் கோள்சொல்லி.

பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை அழுத்தி நிரப்பி முதல் சோதனை செய்தபோது வலதுபக்கம் ஒன்றும் இல்லை. இடதுபக்கம், ஆலைச் சுவரை ஒட்டிக் கிடந்து வருடக்கணக்காக ஈரம் குடித்த பக்கம், கசிந்தது. ஒன்றிலிருந்து ஒரு சொட்டு. பிறகு பக்கத்தில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் அந்தத் தகட்டின் நடுப்பகுதி முழுக்க வியர்த்த நெற்றியைப் போல ஆகிவிட்டது.

மாப்பிள்ளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையை மோந்து பார்த்தார். அது அவர் பழக்கம்.

"மச்சான், ஒண்ணு ரெண்டுன்னா மாத்திட்டுப் போயிடலாம். இது கூட்டமா கோள்சொல்லுது. பக்கத்துப் பக்கத்துல இத்தனை முறிஞ்சிருந்தா தகடு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? பாய்லரை மேலே தூக்கி எல்லாத்தையும் எடுத்துப் போடணும். இந்த சீசன் நடக்காது. அடுத்ததுக்குப் பார்த்துக்கலாம்."

அடுத்தது என்று ஒன்று கிடையாது. மேலாளர் அம்மாளின் மேசையில் அந்த வண்ணப் புத்தகம் திறந்தபடியே கிடந்தது. ஒருமுறை ஃபைபர் எஞ்சின் வந்துவிட்டால் நிஜ எஞ்சினுக்கு யார் காத்திருப்பார்கள்? அது மறுபடி ஏதாவது ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மாப்பிள்ளைக்கு அது ஒரு பாய்லர். அது நின்றுபோனால் அவர் இன்னொரு பாய்லருக்குப் போவார். எனக்குப் போக வேறு இடம் இல்லை. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

அந்த வாரம் மருமகளுக்கு, அதாவது தங்கச்சி மகளுக்கு, வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளை அவளைச் சேர்த்துவிட்டு, விடுதி பார்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். போகத் தயங்கினார். நீ நிம்மதியாகப் போய்வா, பெரிய பட்டறையிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கம்பிகளை மாற்றிவைக்கிறேன், பாய்லரைத் தூக்காமலே செய்யும் முறை அவர்களிடம் இருக்கிறது என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. பாரம் இறங்கிய ஆள் மாதிரி என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பட்டறை ஆட்கள் யாரும் வரவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

ஒரு விடுமுறை நாள், மதியம். ஷெட்டில் யாரும் இல்லை. ஆணிகளின் தலையை வெட்டி, ஒவ்வொரு துளையிலும் ஒன்றாக வைத்து, மாப்பிள்ளையின் சின்னச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். முனையை அரத்தால் ராவி, தகட்டோடு தகடாக்கினேன். முறியாத கம்பிகளின் துளைகளையும் அடைத்தேன். சிலதை மட்டும் அடைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும் இல்லையா? பிறகு கறுப்பு வண்ணம். கைக்கு வேலை தெரியாதவன் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். அன்று செய்தது சுத்தமான வேலை. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பாய்லர் ஆய்வாளர் வந்தார், மறுபடியும் தண்ணீர்ச் சோதனை நடந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் தவறில்லை. கசிவைத் தேடிப் பார்க்கச் சொல்லி அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அவரும் தேடினார், கசிவு இல்லை. உங்கள் நிபுணர், துளைகள் பல வருட அழுக்கில் அடைத்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் பிழை. வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கு அப்படிப் பளபளக்காது.

மாப்பிள்ளை ஊரிலிருந்து திரும்புவதற்குள், சூடு வெளியேறாமல் இருக்கப் பாய்லரைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் தகட்டுறையும் போட்டு முடித்துவிட்டோம். பச்சை வண்ணம், பித்தளைப் பட்டைகள். அவர் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு நெருப்பறைக் கதவுப் பக்கம் போனார். உள்ளே புகுந்து ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுகிறேன் என்றார்.

உள்ளேயிருந்து தட்டினால் தெரிந்துவிடும்.

"என்மேல நம்பிக்கை இல்லையா மாப்பிள்ளை?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். "ஐயோ, அப்படி இல்ல மச்சான்" என்றார். சுத்தியலைப் பையில் போட்டார். பிறகு அதை அவர் வெளியே எடுக்கவேயில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அந்த ஒன்றுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஆபத்தை உணரவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. உணர்ந்துதான் இருந்தேன். தகடு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சீசன் ஓடட்டும், ஜனம் பார்க்கட்டும், பார்த்துவிட்டால் பிறகு அதை யாரும் கைவிட மாட்டார்கள், மழைக்காலத்தில் கம்பிகளை மாற்றிக்கொள்ளலாம். நியாயமான கணக்கு. தாங்கியிருந்தால் நீங்கள் உங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

தொடக்க நாளைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மேடை, ரிப்பன், பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியம். பெட்டிகளைக் கோர்க்காமல் எஞ்சின் மட்டும் வளைவு வரை ஒரு முறை போய்வர வேண்டும், பிறகு விருந்தினர்கள் ஏறுவார்கள். மேலே நான்கு பேர் நின்றோம். வலதுபக்கம் டிரைவர், ஓய்விலிருந்து கூப்பிட்டுவந்த பழைய கை. நடுவில் கரி போட மாப்பிள்ளை. விடுமுறையில் வந்திருந்த மருமகள், அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு. இடது ஓரத்தில் நான். கூட்டத்துக்குக் கையசைக்க வெளியே சாய்ந்தேன்.

அப்போது தகட்டுறையின் கீழ்விளிம்பைப் பார்த்தேன். அங்கிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடவில்லை, அழுத்தத்தோடு நேராக இறங்கியது. ஆவி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆணிகள் கழன்றுகொண்டிருந்தன. எஞ்சின் மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டது.

இங்கே நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தட்டச்சர் மெதுவாக அடிக்கட்டும்.

மருமகளின் தோளைத் தொட்டு, புகைப்படக்காரர் நம் இரண்டு பேரையும் எஞ்சினுக்கு முன்னால் நிற்கச் சொல்கிறார், வா என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். "போ மாமா, அப்பாகூட ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்றாள். அவள் கையைப் பிடித்து இறக்கினேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தேன், வளையல் ஒன்று உடைந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முகமெல்லாம் கரி.

"என்ன மச்சான், என்னை நம்பி கட்டிக்கிட்ட பொண்ணை விட்டுட்டுப் போறீங்க" என்றார்.

அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெருப்பை இழுத்துக் கொட்டியிருப்பார், ஆவியைத் திறந்து விட்டிருப்பார், எஞ்சின் அங்கேயே அடங்கியிருக்கும். மேடைக்கு எதிரில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில், முதல் நாளே அது தோற்றுப்போனதாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். மேலாளர் அம்மாள் அடுத்த நாளே ஆர்டர் போட்டிருப்பார். நான் யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது. பிறகு கையை உயர்த்தி, போகலாம் என்று டிரைவருக்குச் சைகை காட்டினேன்.

அழகாகப் போனது. அதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏரிக்கரையில் வெள்ளைப் புகை, பச்சை உடம்பு, பித்தளை வெயிலில் மின்னியது. குழந்தைகள் கூடவே ஓடினார்கள். மேலாளர் அம்மாள் என் பக்கம் திரும்பி, நீங்கள் சொன்னது சரிதான் சார், வித்தியாசம் தெரிகிறது என்றார். வளைவில் ஊதினார்கள். அதற்குப் பிறகு வந்த சத்தம் ஊதல் இல்லை.

டிரைவர் வெளியே தூக்கி எறியப்பட்டதால் பிழைத்துக்கொண்டார். கைகள் வெந்துபோயின. மாப்பிள்ளை நெருப்பறைக் கதவுக்கு நேராக நின்றிருந்தார்.

பாய்லரில் தண்ணீர் குறைந்ததை அவர் கவனிக்காமல் விட்டார் என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. அப்போது நான் வரவில்லை. இறந்தவருக்கு அந்தப் பேச்சு கேட்கப்போவதில்லை என்பது என் நியாயம். தங்கச்சி மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணா, அவரு அப்படி அசட்டையா இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். தெரியவில்லை அம்மா என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இன்று காலையும் அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு உங்கள் நிபுணர் அறிக்கை வந்தது. தண்ணீர் குறையவில்லை, எஞ்சினே பழுது, ஆயுள் முடிந்தது, எச்சரிக்கை எதுவும் காட்டாமல் வெடித்தது, உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்று. எச்சரிக்கை காட்டாமலாம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு தவறும் செய்யாததன்மேல் இப்படிப் பழியைப் போடலாமா? அது முதல் சோதனையிலேயே சொன்னது. கூட்டமாகச் சொன்னது. வாயை அடைத்தவன் நான். அடைத்த பிறகும், கடைசி நிமிஷத்தில் ஆணியைத் துப்பிவிட்டுச் சொன்னது. கேட்டவனும் நான்தான். அந்த எஞ்சின் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. இதை நீங்கள் அறிக்கையில் சேர்த்து, உடைக்கும் உத்தரவை நிறுத்த வேண்டும். இடதுபக்கத் தகட்டை மாற்றினால் அது இன்னும் நடக்கும். எனக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அப்புறம், அந்த மின்விசிறி. உங்கள் தட்டச்சர் சரியாக அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தெரிந்தும் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது.